மீண்டும் முளைக்கும் மான்கள்

மனிதனே ஓர் உலகத்தை அமைத்து, அதில் மலையும் காடும் ஆறும் வைத்து, மானும் முயலும் ஓநாயும் உலவவிட்டு, பின்னர் மனிதர்களை அதனுள் அனுமதித்தால் அவ்விலங்குகளின் கதி என்னாகும்? இவ்வினா வெறும் கற்பனையன்று. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் இயங்கிய ஆரிஜின் சிஸ்டம்ஸ் என்னும் நிறுவனம் இதனைச் செய்தே பார்த்தது. 1997 செப்டம்பரில் அந்நிறுவனம் வெளியிட்ட ‘அல்டிமா ஆன்லைன்’ என்னும் கணிப்பொறி விளையாட்டே அவ்வுலகம். பல்லாயிரவர் தத்தம் வீட்டில் அமர்ந்தபடியே, ஒரே நேரத்தில், ஒரே நிலப்பரப்பில் நடமாடவும் உரையாடவும் வாங்கவும் விற்கவும் போரிடவும் இடமளித்த இணைய விளையாட்டுகளுள் அது முன்னோடி. மாதக் கட்டணம் செலுத்தி அதனை ஆடியோர் தொகை ஓராண்டுக்குள் ஓர் இலட்சத்தை எட்டியது.

உலகத்தைப் ‘படைத்து’ என்று எழுதாமல் ‘அமைத்து’ என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. இன்மையிலிருந்து ஒன்றை உண்டாக்கும் ஆற்றல் வல்ல இறைவன் ஒருவனுக்கே உரியது. மனிதன் செய்வதெல்லாம் உள்ளதைப் பார்த்து ஒரு படம் வரைவதே. ஆனால் வரைய உட்காரும்போதுதான் மூலத்தின் நுட்பம் நமக்குப் புலப்படத் தொடங்குகிறது. அல்டிமா ஆன்லைனை வரைந்தவர்களுக்கும் அவ்வாறே நேர்ந்தது.

தமிழ்த்துறை மலரில் கணிப்பொறி விளையாட்டுக்கு என்ன இடம் என்று மூத்தோர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். தொல்காப்பியர் திணைதோறும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, தொழில், பறை, யாழ் ஆகியவற்றோடு விலங்கையும் பறவையையும் மரத்தையும் சேர்த்தே எண்ணுகிறார். ஓரிடத்து விலங்கு அவ்விடத்து உணவோடும் தொழிலோடும் இசையோடும் பிணைந்தது. அதனைத் தனியே பிரித்தெடுத்தல் இயலாது என்னும் இக்கொள்கையை இரண்டாம் ஆண்டு மாணவரும் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறார். ஏறத்தாழ இதே கொள்கையை ஓர் உலகத்தின் இயங்குவிதியாகவே வைத்துச் சிலர் சோதித்தனர் என்றால், அதன் முடிவு என்னவாயிற்று என்று அறியும் உரிமை நம் துறைக்கு உண்டு என்றே கருதுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் மாணவர்களுள் பலர் இரவு நெடுநேரம் வாழ்வது இத்தகைய உலகங்களிலேதான். அவர்கள் அங்கே என்ன கற்கிறார்கள் என்பதை நாம் இதுவரை கேட்டதில்லை.

பிரிட்டானியா எனப் பெயரிடப்பட்ட அவ்வுலகின் தலைமை வடிவமைப்பாளர் ராஃப் காஸ்டர். அவரும் குழுவினரும் வகுத்த ஏற்பாடு எளிமையானது, ஆயினும் துணிச்சலானது. அவ்வுலகத்துப் பொருள் ஒவ்வொன்றும் சில மூலவளங்களால் ஆனது எனக் கணிப்பொறிக்குக் கற்பிக்கப்பட்டது. நிலம் புல்லைத் தரும். ஆடு என்பது இறைச்சியும் கம்பளியும் சேர்ந்த ஒரு தொகுதி. விலங்கு ஒவ்வொன்றும் எதனை உண்ணும், எங்கே ஒண்டும், எதனை விரும்பும் என்னும் குறிப்புகளோடு உலவவிடப்பட்டது. முயல் புல்லைத் தேடும். ஓநாய் முயலைத் தேடும். முயல்களை மனிதர் கொன்று தீர்த்துவிட்டால் ஓநாய் பசி பொறாமல் வேறு இரையை நாடும். மான்களும் அருகிவிட்டால், அவற்றைத் தின்று மலைக்குகையில் கிடந்த டிராகன் என்னும் நெருப்புமிழும் பறவைநாகம் ஊருக்குள் இறங்கும். ஊரார் திரண்டு அதனோடு போரிடுவர். விளையாட்டு வெளிவருவதற்கு முன்னர் அதனை ஆக்கியோர் இவ்வாறே விளக்கம் தந்தனர்.

இதிலுள்ள அழகைக் கவனிக்க வேண்டும். டிராகன் ஊருக்குள் வரும் கதையை எந்த ஆசிரியனும் எழுதி வைக்கவில்லை. மனிதன் காட்டில் செய்த மிகையே கதையாக விளையும். காரணம் காட்டில், காரியம் ஊரில், இடையில் ஒரு பசித்த விலங்கு. கணிப்பொறி விளையாட்டு என்றாலே துப்பாக்கியும் குருதியும் என்று எண்ணிப் பழகிய நமக்கு இப்படியும் ஒரு சிந்தனை அங்கே எழுந்தது என்பது வியப்பளிக்கும்.

ஆனால் அக்கதை நடக்கவே இல்லை. வெளியீட்டுக்கு முந்தைய சோதனைக் காலத்திலேயே, ஆட வந்தவர்கள் கண்ணில் பட்ட உயிரினங்களையெல்லாம் கொன்று குவித்தனர். முயல் பெருகுவதற்குள் முயல் தீர்ந்தது. ஓநாய் பசித்து மானைத் தேடிச் செல்வதற்குள் ஓநாயும் தீர்ந்தது. இரைக்கும் இரைகொல்லிக்கும் இடையே அமைந்த நுண்ணிய சமனிலையைச் செம்மை செய்ய ஆக்கியோர் முயன்றும், மனிதக் கூட்டத்தின் வேகத்துக்கு எவ்விதக் கணக்கும் ஈடுகொடுக்கவில்லை. நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ரிச்சர்ட் கேரியட் பின்னாளில் இதனை நினைவுகூர்ந்தபோது, இவ்வளவு பாடுபட்டு அமைத்த உயிர்ச்சூழல் ஒன்று அங்கே இருந்ததையே ஆட வந்தவர்கள் உணரவில்லை என்று சொல்லி வருந்தினார். கொலையை விட எனக்குக் கொடிதாகத் தோன்றுவது இந்த உணராமையே. இருந்தது தெரிந்தால்தானே இல்லாதது தெரியும்?

இங்கே ஒரு செய்தியை இடையிட்டுச் சொல்ல வேண்டும். அந்தக் கேரியட்டே பிரிட்டானியாவின் அரசராக, ‘லார்ட் பிரிட்டிஷ்’ என்னும் வேடத்தில் அவ்வுலகில் உலவினார். 1997 ஆகஸ்டில், அதே சோதனைக் காலத்தில், ஆட வந்த ஒருவர் நெருப்பு மந்திரத்தை ஏவி அவ்வரசரைக் கொன்றுவிட்டார். எவராலும் கொல்லப்பட இயலாதவராக அவ்வேடத்தை வைத்திருக்க வேண்டிய ஏற்பாடு அன்று செயற்படாமல் இருந்ததே காரணம். இணைய விளையாட்டு வரலாற்றை எழுதுவோர் எவரும் இந்தக் கொலையை எழுதாமல் விடுவதில்லை. அரசர் மீண்டும் உயிரோடு உலவினார். திரும்பி வராதவை மான்கள். ஆனால் வரலாறு யாரை எழுதுகிறது? நம் மெய்க்கீர்த்திகளைப் படித்தவர்களுக்கு இக்கேள்வியின் விடை தெரியும்.

விலங்குகளை ஒழித்தவர்கள் கொடியவர்களா? அப்படிச் சொல்வது எளிது, ஆனால் உண்மையன்று. அவர்கள் பள்ளி மாணவர்கள், அலுவலர்கள், ஆசிரியர்கள், நம்மைப் போன்றவர்களே. அவ்வுலகில் புதிதாக நுழைந்தவன் வாட்பயிற்சி பெற வேண்டுமானால் எதையாவது வெட்ட வேண்டும். வெட்ட வெட்டத்தான் திறன் ஏறும். வலிய எதிரியிடம் சென்றால் மாண்டு போவான். ஆகவே முயலையும் மானையும் வெட்டினான். இறைச்சி வேண்டியோ தோல் வேண்டியோ வெட்டியவர்கள் பாதி. கை பழகுவதற்காக வெட்டியவர்கள் மீதி. ஒவ்வொருவனும் நாலைந்து விலங்குகளைத்தான் கொன்றிருப்பான். தன்னைப் போல் ஆயிரவர் அதே வேளையில் அதே காட்டின் மறுபுறத்தில் நிற்கின்றனர் என்பது அவனுக்குக் கண்ணில் படவில்லை. 1968இல் காரெட் ஹார்டின் என்னும் அமெரிக்க அறிஞர் பொதுநிலங்களின் அவலம் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பொதுவான மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வோர் ஆயனும் இன்னும் ஒரு மாட்டைச் சேர்ப்பதால் நிலமே பாழாவதைக் காட்டியது. பிரிட்டானியாவில் நடந்தது அதுவே; சற்று விரைவாக நடந்தது, அவ்வளவுதான்.

அழிவுக்கு இன்னொரு வாயிலும் இருந்தது. வேட்டையைக் காட்டிலும் இதில்தான் படிப்பினை மிகுதி என்பது என் எண்ணம். அவ்வுலகத்து மூலவளங்களுக்குத் தொடக்கத்தில் ஒரு மொத்த அளவு வரையறுக்கப்பட்டிருந்தது. ஆட்டின் கம்பளி சட்டையாகும். சட்டை தேய்ந்து அழிந்தால் அக்கம்பளி மீண்டும் பொதுவளத்தில் சேரும். அதிலிருந்து புதிய ஆடு தோன்றும். வட்டம் நிறைவாகச் சுழல வேண்டும் என்பது திட்டம். ஆனால் ஆடுவோர் சட்டைகளைத் தைத்துத் தைத்துத் தம் வீட்டுப் பெட்டிகளில் அடுக்கினர். உடுத்தவும் இல்லை, விற்கவும் இல்லை, எறியவும் இல்லை. தையல் திறன் வளர்வதற்காகத் தைத்தவை என்றைக்காவது உதவும் என்று கிடந்தன. பெட்டிக்குள் முடங்கிய கம்பளி பொதுவளத்துக்குத் திரும்பவில்லை. ஆகவே புதிய ஆடுகள் மேய்ச்சல் நிலத்தில் தோன்றவில்லை. ஒருவர் பெட்டியில் மிகுந்த சட்டை, எங்கோ பிறவாமற்போன ஓர் ஆடு. அவ்விளையாட்டின் பொருளியலை ஆராய்ந்து எழுதிய ஸாக்கரி பூத் சிம்ப்ஸன் இந்தப் பதுக்கலையும் அதனால் வளங்களின் சுழற்சி தடைப்பட்டதையும் விரிவாக எடுத்துரைக்கிறார். இஸ்லாமியச் சட்டநூல்கள் ‘இஹ்திகார்’ என்னும் பதுக்கலை ஏன் அவ்வளவு கடுமையாகக் கண்டிக்கின்றன என்று வகுப்பில் கேட்கும் மாணவருக்கு, நான் இனி இந்தக் கம்பளிச் சட்டையையே எடுத்துக்காட்டாகச் சொல்வேன். உணவுப் பண்டத்தைப் பதுக்கினால் ஏழை பட்டினி கிடப்பான் என்பது எவருக்கும் விளங்கும். பதுக்கலுக்கும் உயிரினத்துக்கும் உள்ள உறவு அவ்வளவு எளிதில் விளங்குவதில்லை.

ஆக்கியோர் என்ன செய்தனர்? காட்டைக் காக்கச் சட்டம் இயற்றினரா? வேட்டைக்குப் பருவம் வகுத்தனரா? இல்லை. உயிர்ச்சூழலையே கழற்றி எறிந்தனர். விலங்குகள் இரை தேடித் திரிவதைக் கணக்கிடுவதிலேயே கணிப்பொறியின் ஆற்றல் பெரிதும் செலவாயிற்று என்னும் தொழில்நுட்பக் காரணத்தையும் காஸ்டர் கூறியுள்ளார். அது நியாயமான காரணமே. வளங்களுக்கு இருந்த வரம்பும் நீக்கப்பட்டது. குழாயைத் திறந்துவிட்டாற்போல ஒருபுறம் பொருள்கள் வந்துகொண்டே இருக்கும்; மறுபுறம் வடிந்துகொண்டே இருக்கும். மானை வெட்டினால் சிறிது நேரத்தில் அதே பகுதியில் வேறொரு மான் வெற்றிடத்திலிருந்து முளைக்கும். அதற்குத் தாயும் இல்லை. அது தின்று வளர்ந்த புல்லும் இல்லை. ‘ரீஸ்பான்’ என்று இதனை ஆடுவோர் அழைப்பர். பிற்காலத்து இணைய விளையாட்டுகளுள் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இதுவே இலக்கணமாயிற்று.

வணிக நோக்கில் அது சரியான முடிவுதான். பணம் கட்டி வந்தவன் வெறுங்காட்டைச் சுற்றி வர ஒப்புவானா? ஆனால் அம்முடிவு தன்னோடு ஒரு பாடத்தையும் கொண்டுவந்தது. விலங்கு என்பது தீராத பண்டம்; கொன்றவனுக்கு இழப்பில்லை; காத்தவனுக்கு ஆதாயமில்லை; சற்றே காத்திருந்தால் போதும். உலகெங்கும் இளைஞர்கள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக இந்தப் பாடத்தை எவரும் கற்பிக்காமலே கற்று வருகின்றனர். பிரிட்டானியாவின் கதையை நம் மாணவர் ஒருவரிடம் சொன்னபோது, “அதற்கென்ன சார், ரீஸ்பான் ஆகிவிடும்” என்றார் சிரித்துக்கொண்டே. அவர் கேலிக்குச் சொன்னார். ஆனால் இதே சொற்களைப் பெரியவர்கள் சட்டமன்றத்தில் அமர்ந்து மெய்யாகவே சொன்ன காலம் ஒன்று இருந்தது.

அமெரிக்காவில் ‘பாசஞ்சர் பிஜியன்’ என்னும் புறா இனம் இருந்தது. முந்நூறு முதல் ஐந்நூறு கோடி வரை இருந்திருக்கலாம் என்பது அறிஞர் மதிப்பீடு. அவை கூட்டமாகப் பறந்தால் வானம் இருண்டு, கடந்து முடிய மணிக்கணக்காகும். 1857இல் ஒஹையோ மாநிலச் சட்டமன்றத்தில் இப்புறாவுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று கோரிய மசோதாவை ஆராய்ந்த குழு, இப்பறவைக்குப் பாதுகாப்பே தேவையில்லை, அது வியக்கத்தக்கவாறு பெருகுவது, எவ்வளவு கொன்றாலும் குறையாது என்னும் கருத்துப்பட அறிக்கை அளித்தது. தந்திக் கம்பி புறாக்கள் தங்கிய இடத்தை வேடர்க்குச் சொல்லிற்று. புகைவண்டி கொன்ற புறாக்களைப் பீப்பாய் பீப்பாயாக நகரங்களுக்குக் கொண்டு சென்றது. 1914 செப்டம்பர் 1ஆம் நாள், அதே ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் மார்த்தா என்று பெயரிடப்பட்ட கடைசிப் புறா இறந்தது. குழுவின் அறிக்கைக்கும் மார்த்தாவின் மரணத்துக்கும் இடைவெளி 57 ஆண்டுகள். அறிக்கை எழுதியவர்கள் கணிப்பொறியைக் கண்டவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் உள்ளத்தில் இருந்தது ரீஸ்பான் என்னும் நம்பிக்கையே.

மெய்யுலகில் ஒரு விலங்கை மீண்டும் முளைக்கச் செய்ய என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதற்கு அரபு நாட்டு ஓரிக்ஸ் மானே சான்று. அரபியில் அதனை ‘மஹா’ என்பர். வெண்ணிற உடலும், நேராக நீண்ட இரு கொம்புகளும் உடைய பாலைவன விலங்கு. ஒட்டகத்தின் மீதேறி அம்பும் ஈட்டியும் கொண்டு வேட்டையாடிய காலமெல்லாம் அது பிழைத்திருந்தது. மோட்டார் வண்டியும் தானியங்கித் துப்பாக்கியும் வந்த சில பத்தாண்டுகளில் தீர்ந்துபோயிற்று. முற்றும் அழிவதற்கு முன்னரே, 1962இல், ஆபரேஷன் ஓரிக்ஸ் என்னும் முயற்சி தொடங்கப்பட்டு, பாலைவனத்தில் பிடித்தவற்றோடு லண்டன், குவைத்து, சவூதி அரேபியா ஆகிய இடங்களிலிருந்து பெற்றவற்றையும் சேர்த்து ஒன்பது விலங்குகள் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் விலங்குக்காட்சிச் சாலையில் திரட்டப்பட்டன. 1972இல் ஓமன் நாட்டில் கடைசியாக எஞ்சிய காட்டு ஓரிக்ஸ் கூட்டமும் கொல்லப்பட்டது. பின்னர் 1982இல், அதே ஓமனின் ஜித்தத் அல்-ஹராஸீஸ் பாலைவெளியில், வளர்ப்பில் பிறந்த ஓரிக்ஸ்கள் விடுவிக்கப்பட்டன. அப்பகுதியின் ஹராஸீஸ் பழங்குடியினரே காவலர்களாக நியமிக்கப்பட்டனர். விளையாட்டில் சில நிமிடத்தில் நிகழும் மறுபிறப்புக்கு இங்கே இருபது ஆண்டுகளும் மூன்று கண்டங்களும் தேவைப்பட்டன.

கதை அத்தோடு நலமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. அச்சரணாலயத்தை யுனெஸ்கோ 1994இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 1996இல் அங்கே 450 ஓரிக்ஸ்கள் இருந்தன. பிறகு உயிருடன் பிடித்து விற்கும் கள்ள வேட்டை பெருகிற்று. 2007இல் எஞ்சியவை 65. அவற்றுள் இனம் பெருக்கக்கூடிய இணைகள் நான்கு என்னும் அளவே. எண்ணெய் வளத் தேடலுக்காகச் சரணாலயத்தின் பரப்பில் தொண்ணூறு விழுக்காட்டை ஓமன் அரசு குறைத்தது. அவ்வாண்டிலேயே யுனெஸ்கோ அதனைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதல் இடம் அதுவே. பிற நாடுகளில் மேற்கொண்ட முயற்சிகளால் ஓரிக்ஸின் நிலை தேறி, 2011இல் அழிநிலை இனம் என்பதிலிருந்து ஒரு படி பாதுகாப்பான வகைக்கு அது உயர்ந்தது என்பது ஆறுதல். ஆனால் ஜித்தத் அல்-ஹராஸீஸின் கதையைப் படிக்கும்போது பிரிட்டானியாவின் காடே என் கண்முன் வருகிறது. முளைக்க வைத்ததையும் மறுபடி வேட்டையாடியவர்கள் நாம்.

இனி நம் மஹல்லாக்களில் நடக்கும் வழக்கமான விவாதத்துக்கு வருகிறேன். பெரியவர்கள் பலர் கணிப்பொறி விளையாட்டு அனைத்தும் பொழுதை வீணாக்கும் லஹ்வு என்று ஒரே சொல்லில் ஒதுக்குகின்றனர். இளைஞர்களோ ‘இது வெறும் விளையாட்டுத்தானே’ என்று ஒரே சொல்லில் தப்பிக்கின்றனர். இரு சாராரும் ஒரே தவற்றைச் செய்வதாகவே எனக்குப் படுகிறது. விளையாட்டுக்கு உள்ளே என்ன விதி இருக்கிறது என்று இருவருமே பார்ப்பதில்லை. குருதி தெறிக்கிறதா என்று பார்க்கிறோம்; இழப்புக்குக் கணக்கு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால், திரையில் ஒருவன் மானைக் கொல்வதைவிட, கொன்ற மான் தானே திரும்பி வருவதுதான் கவலைக்குரியது. முன்னது ஒரு செயல். பின்னது ஓர் உலகநோக்கு.

விதியின் பக்கம் நின்று பார்த்தால் நம் மரபில் சொல்வதற்கு நிரம்ப இருக்கிறது. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் இஹ்ராம் அணிந்தவர் தரைவாழ் விலங்கை வேட்டையாடக் கூடாது. இதனைப் பேசும் ஐந்தாம் அத்தியாயத்து வசனங்களை ஓதும்போது ஒரு நுட்பம் கருதத்தக்கது. வேட்டைப் பிராணி எங்கோ மறைந்திருக்கும்போது அன்று, கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் அண்மையில் வந்து நிற்கும்போதே சோதனை என்று அங்கே உணர்த்தப்படுகிறது. பிரிட்டானியாவில் முயல் அப்படித்தான் வந்து நின்றது. மக்கா, மதீனா ஆகிய புனித எல்லைகளுக்குள் வேட்டை விலக்கப்பட்டது. மரம் வெட்டுதல் விலக்கப்பட்டது. தேவையின்றி வீணாகக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் இறைவனிடம் முறையிடும் என்னும் கருத்தமைந்த நபிமொழி நஸயீ தொகுப்பில் காணப்படுகிறது. கை பழகுவதற்காக வெட்டப்பட்ட மான்களை எண்ணும்போது இந்நபிமொழி நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இவற்றினும் என்னை ஈர்ப்பது ‘ஹிமா’ என்னும் ஏற்பாடு. அறியாமைக் காலத்து அரபுத் தலைவர்கள் நல்ல மேய்ச்சல் நிலங்களை வளைத்துத் தமக்கே உரியதென அறிவித்துக்கொண்டனர்; அவ்வேலிக்குப் பெயர் ஹிமா. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தனியாரின் அவ்வுரிமையை நீக்கி, ஹிமா என்பது பொதுநலனுக்காக மட்டுமே வகுக்கப்படும் காப்புநிலம் என்று ஆக்கினார்கள். பிற்காலத்தில் உமர் (ரலி) அவர்கள் ஒரு ஹிமாவுக்கு ஹுனைய் என்பவரைக் காவலராக நியமித்தபோது இட்ட கட்டளை ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய ஏழையை உள்ளே விடுமாறும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உதுமான் இப்னு அஃப்பான் (ரலி) ஆகியோரின் மந்தைகளைத் தவிர்க்குமாறும் அவர்கள் பணித்தார்கள். செல்வர்க்கு மந்தை போனாலும் தோட்டமும் பேரீச்சையும் உண்டு. ஏழைக்கு மந்தை போனால் பிள்ளைகளோடு தெருவில் நிற்பான் என்பது அவர்கள் காட்டிய காரணம். பெயர் சொல்லித் தடுக்கப்பட்டவர்கள் யார் என்பதை நோக்குக. ஒருவர் சமுதாயத்தின் பெருஞ்செல்வர்; மற்றவர் அடுத்த கலீஃபா. இருவருமே சுவனத்தின் நற்செய்தி பெற்ற பதின்மருள் அடங்குவோர். வரம்பு வலியவரிடத்திலிருந்து தொடங்கிற்று.

பிரிட்டானியாவில் இல்லாதது இதுவே. அங்கே வளம் வரையறுக்கப்பட்டிருந்தது. ஆனால் அதனைக் காப்பதற்கு ஹுனையைப் போன்ற காவலர் எவரும் இல்லை. ஆடுவோர் கூடிப் பேசி ஒரு காட்டை அடைத்து வைப்பதற்கு விளையாட்டு வழிவகை செய்யவுமில்லை. பொதுநிலம் பாழாவது தவிர்க்கவே இயலாதது என்று ஹார்டினின் வாதத்தைப் படித்தவர்கள் எண்ணியதுண்டு. எலினோர் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார், ஊர்மக்கள் தாமே விதி வகுத்துப் பல தலைமுறைகளாகக் காத்துவரும் மேய்ச்சல் நிலங்களையும் பாசன அமைப்புகளையும் ஆராய்ந்து, அது தவிர்க்கக்கூடியதே என்று 1990இல் வெளிவந்த தம் நூலில் நிறுவினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

ஆஸ்ட்ரம் கூறியதற்கு ஒரு விளையாட்டு உருவமும் இப்போது கிடைத்திருக்கிறது. ஸ்ட்ரேஞ்ச் லூப் கேம்ஸ் என்னும் நிறுவனம் 2018 முதல் வழங்கிவரும் ‘ஈகோ’ என்னும் இணைய விளையாட்டு அது. இதன் ஆக்கத்துக்கு அமெரிக்கக் கல்வித்துறை நிதியுதவி செய்தது. வகுப்பறைப் பயன்பாடும் அதன் நோக்கங்களுள் ஒன்று. ஒரு விண்கல் உலகை நோக்கி வருகிறது. அது விழுவதற்கு வழக்கமான அமைப்பில் முப்பது நாட்கள் உள்ளன. நம் நாட்காட்டியின் முப்பது நாட்கள். அதற்குள் ஆடுவோர் அனைவரும் கூடி, சுரங்கம் தோண்டி, ஆலை கட்டி, அறிவியலை வளர்த்து அதனைத் தகர்க்க வேண்டும். ஆனால் தோண்டினால் நிலம் கெடும். ஆலையின் கழிவால் நீரும் காற்றும் கெடும். மிகையாக வேட்டையாடினால் விலங்கினம் ஒன்று அவ்வுலகிலிருந்து அற்றுப்போகும். அற்றுப்போனது திரும்பி வராது. ரீஸ்பான் கிடையாது. விலங்குகளின் தொகை நாள்தோறும் ஏறுவதும் இறங்குவதும் வரைபடமாகக் காட்டப்படும். அதனைச் சான்று காட்டி எவரும் ஒரு சட்டத்தை முன்மொழியலாம், மற்றவர்கள் வாக்களிப்பர், நிறைவேறினால் கணிப்பொறியே அதனைச் செயற்படுத்தும். இந்த எல்லைக்குள் வேட்டை கூடாது, இன்னார் இத்தனைக்கு மேல் மரம் வெட்டலாகாது என்றெல்லாம் விதிக்கலாம். அப்படியானால் ஹிமா வகுக்கலாம்.

இதனை ஆடிய உலகங்கள் எல்லாம் பிழைத்தன என்று சொல்ல வரவில்லை. விண்கல் விழுமுன் காட்டைத் தாமே அழித்துக்கொள்வதற்கும் அங்கே தாராளமாக வழி இருக்கிறது. அதுதான் அவ்விளையாட்டின் நேர்மை. சட்டம் இயற்றும் உரிமை உடையோர் தம் ஆலைக்கு விலக்கு எழுதிக்கொள்ளவும் முடியும். உமர் (ரலி) அவர்கள் அறிந்திருந்த அதே இடர்.

ஆகவே கல்லூரி நிர்வாகத்தார்க்கு ஒரு வேண்டுகோள். நம் கணிப்பொறி ஆய்வுக்கூடம் மாலை நேரங்களில் பூட்டியே கிடக்கிறது. ரமலானை அடுத்து வரும் பருவத்தில் ஒரு மாத காலம், முப்பது மாணவர்களுக்கு மட்டும், அங்கே இவ்வுலகம் ஒன்றைத் திறந்துவிடலாம். விலங்கியல் துறையினர் விலங்குக் கணக்கைப் பார்த்துக்கொள்ளட்டும். பொருளியல் துறையினர் எவர் பெட்டியில் என்ன பதுங்கியிருக்கிறது என்று கணக்கெடுக்கட்டும். சட்டங்களைத் தமிழில் ஐயத்துக்கு இடமின்றி வரைந்து தரும் பொறுப்பைத் தமிழ்த்துறை ஏற்கும். ‘வேட்டை’ என்னும் சொல்லுக்குள் எது அடங்கும், எது அடங்காது என்பதிலேயே முதல் வாரம் கழிந்துவிடக்கூடும். மஹல்லாப் பெரியவர்கள் இருவரையேனும் அழைத்து வந்து அச்சட்ட விவாதத்தைக் கேட்கச் செய்ய வேண்டும் என்பதும் என் விருப்பம். முப்பதாம் நாள் எந்த விலங்குகள் எஞ்சியிருந்தன என்பதை அடுத்த ஆண்டு மலரில் வெளியிடலாம்.